டிரினிடாடில் ஒரு மனை

சென்ற இதழில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களுக்கு இம்மாதம் விடையிறுக்க எண்ணியிருந்தோம். ஆனால் மார்கழி மாத ஞாயிறு ஒன்றின் பிற்பகலில், நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் தம் துணைவியாருடன் நம் இல்லம் வந்து சேர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒரு கட்டுக் காகிதம். பராமரிப்புக் கட்டணம் ஒரு மாதம் காத்திருந்தால் குடி முழுகிவிடாது. இந்தக் காகிதக் கட்டு காத்திராது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறோம். அவ்விருவரின் இசைவைப் பெற்றே எழுதுகிறோம். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறோம்.

பெரியவர் மாயவரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 1974-இல் தில்லிக்கு உத்தியோகம் பார்க்க வந்தவர். மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றார். மகள் புனேயில் இருக்கிறாள். மகன் இரசாயனப் பொறியியல் படித்தவன்; பதினோரு ஆண்டுகளாக டிரினிடாடில், பாயிண்ட் லிசாஸ் என்னும் தொழிற்பேட்டையில் அம்மோனியா தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறான். அவனுக்கு மனைவியும் இரு குழந்தைகளும் உண்டு. இத்தனை ஆண்டும் வாடகை கொடுத்து அலுத்துப்போன அவன், அங்கேயே ஒரு வீடு வாங்க நிச்சயித்து, விலையில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுத்து ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டுவிட்டான். மீதியைத் தொண்ணூறு நாளுக்குள் செலுத்த வேண்டும். அத்தொகையின் பெரும்பகுதியை அங்குள்ள வங்கி கடனாகத் தர இசைந்திருக்கிறது. எஞ்சியதற்கு அவன் தந்தையைக் கேட்டிருந்தான்: "ஊர் வீடு பூட்டித்தானே கிடக்கிறது, அப்பா. அதை விற்று அனுப்பிவிடுங்கள்."

பெரியவர் காகிதங்களை மேசைமேல் பரப்பினார். "ஐயா, நீங்கள் நாலு இடத்தில் விசாரித்து எழுதுகிறவர். அந்தச் சீமையில் நம்மவர் நிலம் வாங்கலாமா? வாங்கினால் நிலைக்குமா? இந்த இரண்டையும் எனக்குச் சொன்னால் போதும்" என்றார். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி டம்ளரை இரு கையாலும் பற்றியவாறு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாம் அத்தீவை நேரில் கண்டவர் அல்லோம். ஆயினும் அதன் சரித்திரத்தையும் சட்டத்தையும் ஓரளவு படித்திருக்கிறோம். பெரியவரிடம் காகிதங்களை ஒரு வாரம் நம்மிடமே விட்டுச்செல்லுமாறு கேட்டுக்கொண்டோம்.

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்டு நினைவுக்கு வரும். ஏதோ ஒரே நாடு என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். அது நாடன்று. ஒவ்வொரு தீவுக்கும் தனிச் சட்டம், தனிப் பதிவாளர். பார்படாஸில் அயல்நாட்டார் நிலம் வாங்க உரிமச் சீட்டு தேவையில்லை. ஆனால் கொண்டுவரும் பணத்தை அந்நாட்டு மத்திய வங்கியில் பதிந்துகொள்ள வேண்டும். இல்லாவிடில் பின்னொரு நாள் விற்ற பணத்தை வெளியே எடுத்துச் செல்வது கடினம். கிரனடாவிலும் செயின்ட் லூசியாவிலும் அயலார்க்கு உரிமச் சீட்டு வேண்டும். டிரினிடாடில் 1990-ஆம் ஆண்டின் அந்நிய முதலீட்டுச் சட்டப்படி, குடியிருப்பதற்காக ஓர் ஏக்கர் வரையிலும், தொழில் நடத்த ஐந்து ஏக்கர் வரையிலும் அயலார் உரிமச் சீட்டின்றியே வாங்கலாம். விலையை மட்டும் உலகச் சந்தையில் செல்லும் நாணயத்தில், வங்கியின் வழியாகச் செலுத்த வேண்டும். இச்சலுகை பெரிய தீவான டிரினிடாடுக்கே உரியது. அருகிலுள்ள டொபாகோவில் 2007 முதல் உரிமச் சீட்டு இல்லாமல் அயலார் ஓர் அடி மண்ணும் வாங்க இயலாது. இரண்டும் ஒரே குடியரசாயிற்றே என்று எண்ணி ஏமாறுவோர் உண்டு.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. நம் சென்னைக் கணக்கில் பதினெட்டு கிரவுண்டுக்கும் சற்று மேல். அங்கே மனைப்பிரிவுகளில் வழங்கும் 'லாட்' பெரும்பாலும் 5,000 சதுர அடி. தில்லியில் நாலாவது மாடியில் எழுநூறு சதுர அடியில் மூன்று தலைமுறை வாழும் நமக்கு அது அரண்மனைத் தோட்டம்.

ஆகவே, வாங்கலாமா என்ற முதற்கேள்விக்கு விடை எளிது. நிலைக்குமா என்பதுதான் நம்மை ஒரு வாரம் உறங்கவிடாமல் செய்தது.

அத்தீவில் நம்மவர் மண் வாங்குவது புதிதன்று என்பதைப் பெரியவர் அறிந்திருக்கவில்லை. கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை 1838-இல் முற்றும் ஒழிந்தபின், தோட்டத் துரைமார்கள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தனர். முதற்கப்பல் 1845 மே 30-ஆம் நாள் டிரினிடாடை அடைந்தது. 1917-இல் இம்முறை நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய 1,44,000 பேர் அங்குச் சென்றனர். பெரும்பான்மையோர் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியே சென்ற போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சிறுபகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமாவர். அவர்களை அங்கே 'மதராஸி' என்றே அழைத்தனர். இங்கே தில்லியில் நம்மைக் காய்கறிக்காரர் அழைக்கும் அதே பெயர்தான்.

ஐந்தாண்டு ஒப்பந்தம்; பத்தாண்டு அங்கே தங்கிவிட்டால் ஊர் திரும்பக் கப்பற்கூலி இலவசம் என்பது நிபந்தனை. இலவசமாக ஆளைத் திருப்பி அனுப்புவது சர்க்காருக்குப் பெருஞ்செலவு. எனவே 1869 முதல் வேறொரு யுக்தி செய்தார்கள். ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தால், அதற்கு ஈடாக அரசு நிலம் பத்து ஏக்கர் என்றார்கள். பின்னர் அது ஐந்து ஏக்கரும் ஐந்து பவுன் பணமும் என்றாயிற்று. சுமார் பத்தாண்டுக் காலம் இவ்வேற்பாடு நடந்தது. கவர்னர் ஆர்தர் கார்டன் அரசு நிலத்தின் விலையையும் ஏக்கருக்கு ஒரு பவுன் என்று குறைத்திருந்தபடியால், கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியவர்களும் பலர். பாரக்பூர், பைசாபாத், கோல்கொண்டா என்னும் பெயர்களில் ஊர்கள் இன்றும் அத்தீவில் உள்ளன. தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயினில், செயின்ட் ஜேம்ஸ் என்னும் பகுதியில், மதராஸ் தெருவும் உண்டு. டில்லித் தெருவும் உண்டு.

அப்பத்து ஏக்கரை எண்ணிப் பார்க்கிறோம். கப்பற்சீட்டை நீட்டிவிட்டு மண்ணைப் பெற்றவன், பிறந்த ஊருக்குத் திரும்பும் வழியைத் தானே அடைத்துக்கொண்டான். தஞ்சைச் சீமையில் ஒரு குழி நிலமும் சொந்தமில்லாதிருந்தவனுக்குப் பத்து ஏக்கர் எத்தகைய பொருள் என்பதை நாம் இங்கிருந்து எடை போடுவது முறையன்று. ஆனால் பெரியவரிடம் மகன் கேட்டதும் ஏறத்தாழ இதே பண்டமாற்றுத்தான் அல்லவா? அங்கே ஒரு மனைக்கு ஈடாக இங்கே ஒரு வீடு. இதை அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இனிக் காகிதங்களுக்கு வருவோம். ஒப்பந்தம் ஆறு பக்கம். முதல் நாலு பக்கம் எங்கும் காணும் வாசகமே. ஐந்தாம் பக்கத்தில் விற்கப்படும் சொத்தின் விவரம் வரும் இடத்தில் நம் கண் நின்றது. விற்பவர் தருவது 'குடியிருப்புக் கட்டடமும், அது நிற்கும் நிலத்தின்மேல் உள்ள குத்தகை உரிமையும்' என்று அங்கே கண்டிருந்தது. நிலம் என்று தனியே ஒரு சொல் இல்லை.

அன்று மாலையே பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அந்த வரியைப் படித்துக் காட்டினோம். எதிர்முனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "இது அடிமனை விவகாரம் அல்லவா?" என்றார்.

அவர்க்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் பிறந்த தெருவில் பாதி வீடுகள் கோயில் அடிமனையில் நிற்பவை. மண் சுவாமிக்குச் சொந்தம். சுவரும் கூரையும் குடியிருப்போர்க்குச் சொந்தம். ஆண்டுதோறும் மனை வாடகை கட்ட வேண்டும். டிரினிடாடிலும் பார்படாஸிலும் அதற்கு நேரான வழக்கம் ஒன்று அடிமை ஒழிப்புக் காலத்திலிருந்து உண்டு. விடுதலை பெற்ற உழைப்பாளி தோட்டத்துரையின் நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொள்வான். மண் துரையுடையது. வெளியேறச் சொன்னால் வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதுதான். பார்படாஸில் இத்தகைய வீடுகள் கழற்றிப் பூட்டும்படியாகவே, ஆணியைக் குறைத்து, கல் அடுக்கின்மேல் அமைக்கப்பட்டன. அங்கே 1980-இல் ஒரு சட்டம் இயற்றி, தோட்டக் குடிகள் தம் மனையைச் சதுர அடிக்குப் பத்துச் சென்ட் விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தனர். டிரினிடாடு அவ்வளவு தூரம் போகவில்லை. அங்கே 1981-ஆம் ஆண்டின் நிலக் குடிகள் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய குடிகளுக்கு முப்பதாண்டுக் குத்தகையை உறுதி செய்தது. 2011-இல் அது முடிந்தபின் மேலும் முப்பதாண்டு நீட்டிப்புக்கும் இடம் உண்டு. ஆகவே இன்று ஒருவர் இவ்வகை வீட்டை வாங்கினால், அவர் வாங்குவது 2041 வரையான காலத்தைத்தான். மகன் வாங்கிய கடனோ இருபதாண்டுக் கடன்!

இங்குள்ள வாசகர்கள் புன்னகைக்க வேண்டாம். பவர் பத்திரத்தின் பேரில் வீடு வாங்கியவர் நம் சங்கத்தில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அவ்வாறு வாங்கியது கிரயமே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்த அன்று எத்தனை வீடுகளில் இரவு அடுப்பெரியவில்லை என்பதும் தெரியும்.

படித்த பிள்ளை இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனிக்காததற்குக் காரணம் உண்டு. அவனுக்கென்று தனி வக்கீல் இல்லை. செலவு மிச்சம் என்று விற்பவரின் வக்கீலிடமே இரு தரப்புக் காகிதங்களையும் விட்டிருந்தான். அத்தீவில் நில ஆவணம் இருவகைப்படும். ஒன்று, பழைய ஆங்கில முறைப்படி பத்திரத்தின்மேல் பத்திரமாகத் தொடர்ந்து வருவது. நம் தாய்ப்பத்திரச் சங்கிலி போன்றது. மற்றொன்று, அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறியிருப்பதே உரிமைக்கு ஆதாரம் என்னும் முறை. முதல் வகையில் வக்கீல் பதிவாளர் அலுவலகத்தில் பழைய ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டித்தான் வில்லங்கம் காண வேண்டும். பாட்டன் பெயரிலேயே பத்திரம் நின்றுவிட, மூன்று தலைமுறை வாரிசுகள் வாய்மொழியாகப் பங்கு பிரித்துக்கொண்ட மனைகள் அங்கே ஏராளம். ஒரு சித்தப்பா கனடாவில் இருப்பார். ஒரு அத்தை நியூயார்க்கில் இருப்பார். கையெழுத்துக்கு ஆள் பிடிப்பதற்குள் கடன் காலமே தீர்ந்துவிடும். இது நம் ஊர்க் கதை என்று சொன்னாலும் நம்புவார்கள்.

மறு ஞாயிறு அவர்கள் மீண்டும் வந்தார்கள். இம்முறை மகனும் கைப்பேசித் திரையில் வந்து அமர்ந்தான். அங்கே விடியற்காலம். முகத்தில் உறக்கம் இல்லை. "மாமா, நான் சிக்கனம் என்று நினைத்தேன்" என்றான். கடிந்துகொள்ளும் இடம் அதுவன்று. வேறு வக்கீல் ஒருவரை உடனே அமர்த்திக்கொள். நிலத்தின் உரிமை யார் பேரில் உள்ளது என்று எழுத்தில் கேள். வங்கிக்கும் அதைத் தெரிவி. தெளிவு கிடைக்கும்வரை மீதிப்பணத்தில் ஒரு காசும் கொடாதே என்றோம். அந்த வங்கியும் தன் வக்கீலைக் கொண்டு பார்த்திருந்தால் கடன் கொடுத்திராது என்பது நம் எண்ணம். அதன் கடிதத்தில் 'உரிமை ஆய்வுக்கு உட்பட்டு' என்ற சொற்கள் இருந்தன. அச்சொற்களையும் அவன் படிக்கவில்லை.

பேச்சு பிறகு வேறு வீட்டுக்கும், பின் கட்டுவதற்கும் திரும்பியது. இப்பகுதியில் அவனிடமிருந்து நாம் கற்றதே மிகுதி. டிரினிடாடு தென்கோடித் தீவு. வெனிசுவேலாவின் கரை மிக நெருங்கிய இடத்தில் பதினோரு கிலோமீட்டர்தான். பெரும்புயல்கள் பெரும்பாலும் அதற்கு வடக்கே போய்விடும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பிக் கூரை போடலாகாது. 1933 ஜூனில் ஒரு புயல் டிரினிடாடின் தென்பகுதியை அடித்தது. 1963 செப்டம்பரில் ஃப்ளோரா டொபாகோவின் தோட்டங்களை அழித்தது. 2024 ஜூலை முதல் நாள் பெரில் என்னும் புயல், வடக்கே கிரனடாவைச் சேர்ந்த கரியாக்கூ தீவில் கூரையோடு நின்ற வீட்டைத் தேடும்படி செய்துவிட்டது. 2018 கஜாவில் வேதாரண்யத்தைக் கண்டவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆதலின் கூரையைப் பற்றி அவன் சொன்னவற்றை எழுதிக்கொண்டோம். இரு பக்கம் சரியும் கூரையைவிட நாற்புறமும் சரியும் கூரை காற்றைத் தாங்கும். மிகத் தட்டையான சரிவைக் காற்று உறிஞ்சித் தூக்கும். கைமரங்களைச் சுவர்த்தலையில் ஓடும் கான்கிரீட் விட்டத்தோடு இரும்புப் பட்டைகளால் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. தாழ்வாரக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாகப் போடாமல் தனியே போடவேண்டும். காற்று தாழ்வாரத்தைப் பிடுங்கினாலும் வீடு தலை தப்பும். நம் ஊர்க் கொத்தனார்களும் கேட்டு வைத்துக்கொள்ளத் தக்கவை இவை.

அங்கே காற்றைவிட மண்ணே பொல்லாதது என்றான். தெற்கிலும் நடுப்பகுதியிலும், நம்மவர் வழியினர் மிகுதியாக வாழும் பீனல், டெபே, பாரக்பூர்ப் பக்கங்களில், களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். கோவில்பட்டிக் கரிசலில் வீடு கட்டியவர்க்கு இது தெரிந்த நோய். சுவரில் விரல் நுழையும் வெடிப்பு வந்தபின் சுண்ணாம்பு பூசி விற்றுவிடுவார்கள். மனையை மழைக்காலமாகிய ஜூன் முதல் டிசம்பருக்குள் ஒருமுறையும், ஜனவரிக்குப் பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஆழத்தில் ஊன்றிய தூண்களின்மேல் வீட்டை நிறுத்துவது அங்கே நெடுநாள் வழக்கம். கீழ்த்தளம் சுவரின்றித் திறந்திருக்கும். அங்கேதான் வலையூஞ்சல், விருந்து, கலியாணம், பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம். தாழ்ந்த நிலத்தில் அது வெள்ளத்துக்கும் வழிவிடும். 2018 அக்டோபர் மழையில் கிரீன்வேல் என்னும் புதுக் குடியிருப்பு முழுவதும் நீரில் நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் 6.9 அளவுள்ள நிலநடுக்கமும் வந்தது. தூண்மேல் நிற்கும் வீட்டுக்கு நடுக்கம் பகை; ஆகவே தூண்களைக் குறுக்கே பிணைக்க வேண்டும். லா பிரேயா என்னும் ஊரில் உலகப் புகழ்பெற்ற தார் ஏரி உண்டு. அதன் அருகே வீடுகள் மெல்ல மெல்ல நகர்ந்து சாயுமாம். அங்கே மட்டும் வாங்கமாட்டேன் என்று சிரித்தான். இரண்டு வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான் என்று அவன் தாயார் பின்னர்ச் சொன்னார்.

இங்கே ஒரு நூலைக் குறிப்பிட வேண்டும். 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' என்னும் நாவலை வி. எஸ். நைபால் 1961-இல் வெளியிட்டார். டிரினிடாடில் ஒப்பந்தக் கூலி வழியில் வந்த ஒருவன் ஆயுள் முழுதும் சொந்த வீட்டுக்கு ஏங்கி, முடிவில் ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் குறையுள்ள வீட்டை அதிக விலைக்கு வாங்கி, கடன் தீராமலே இறந்துபோகும் கதை. நைபால் தம் தந்தையை மனத்தில் கொண்டு எழுதினார். அவர்கள் குடியிருந்த வீடு, மேலே சொன்ன செயின்ட் ஜேம்ஸில், நேபாளத் தெருவில் இருக்கிறது. நம் சங்க நூலகத்தில் அந்நூலின் பிரதி ஒன்று இருந்தது. எடுத்துச் சென்ற அன்பர் திருப்பித் தந்தால் நலம்.

பணம் அனுப்பும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்கவும் அதில் இடம் உண்டு. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், கையில் அன்று ரொக்கம் குறையும். இதைவிட முக்கியமானது, பலர் அறியாதது: பழைய வீட்டை விற்ற இலாபத்துக்கு வரி விலக்கு வேண்டுமாயின், அதைக்கொண்டு வாங்கும் புது வீடு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். 2014-இல் சட்டம் அவ்வாறு திருத்தப்பட்டது. மாயவரத்து வீட்டை விற்றுக் கடல்கடந்து வாங்கினால் அவ்விலக்கு இல்லை. பெரியவர் இதைக் கேட்டதும் கணக்கைத் திரும்பப் போட்டார்.

வேறு சில தீவுகள் பணம் முதலிட்டால் குடியுரிமையே தருகின்றன என்றும் ஓர் அன்பர் கேட்டிருக்கிறார். தருகின்றன. பெற்றுக்கொண்ட அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை.

அப்போதுதான் அம்மையார் வாய் திறந்தார். "எல்லாரும் வீட்டை விற்பது பற்றிப் பேசுகிறீர்கள். புனேயில் இருப்பவளை யாராவது கேட்டீர்களா?"

நமக்குச் சுருக்கென்றது. இரண்டு ஞாயிறு பேசியும் அது நம் நினைவுக்கு வரவில்லை. அது பாட்டனார் காலத்து வீடு. பிதிரார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுமைக்கும் 2005-இலும் அவ்வாறு சட்டமாயிற்று. அவள் கையெழுத்தின்றி விற்பனை நடந்திருந்தால், டிரினிடாடு மனையில் இருந்த அதே வில்லங்கத்தை மாயவரத்து மனையிலும் நாமே உண்டாக்கியிருப்போம். திரையில் மகன் தலைகுனிந்தான். "அக்காவிடம் நான் பேசுகிறேன், அம்மா" என்றான். "பேசு. ஆனால் விற்பதற்குச் சம்மதம் கேட்டுப் பேசாதே. முதலில் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேள்" என்றார் அம்மையார்.

அதற்குப்பின் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். புது வக்கீல் பார்த்ததில் மண்ணுக்கு உரியவர் வேறொருவர் என்பது உறுதியாயிற்று. தெளிவான உரிமை காட்டாவிடில் முன்பணம் திரும்ப வேண்டும் என்னும் ஷரத்து ஒப்பந்தத்திலேயே இருந்தது அதிர்ஷ்டம். வக்கீல் செலவு போகப் பணம் திரும்பி வந்தது. வர ஏழு வாரம் ஆயிற்று. புனே மகள் தம்பியோடு ஒரு மணி நேரம் பேசினாளாம். தன் பங்கு தனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை; வீட்டை விற்க வேண்டாம் என்றுதான் சொன்னாள். கூரையின் ஓட்டைப் பிரித்து மேய ஆகும் செலவில் பாதியைத் தான் தருவதாகவும் சொன்னாள். பங்குனியில் வேலை தொடங்குகிறார்கள்.

மகன் இப்போது மேட்டு நிலத்தில் ஒரு லாட் பார்த்து வைத்திருக்கிறான். பதிவேட்டில் பெயர் ஏறிய மனை. கோடையிலும் பார்த்துவிட்டுத்தான் முடிவாம். அதை வாங்க அவன் சேமிப்பும் கடனும் போதும். வீட்டை மூன்று நாலு ஆண்டில் மெல்லக் கட்டிக்கொள்வான். அங்கே பலரும் அப்படித்தான் கட்டுகிறார்களாம்: முதலில் தூணும் தளமும், பிறகு கை நிறையும்போது ஓர் அறை, பின்னொன்று.

அம்மையார் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். ஊர்க் கூடத்தில் கிடக்கும் தேக்கு ஊஞ்சல் பலகையைக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று. அனுப்பு கூலி பலகை விலையைப்போல் நாலு மடங்கு என்று தெரிந்தது. மகன் விசாரித்து எழுதியிருக்கிறான்: அத்தீவிலேயே தேக்கு உண்டு. 1913-இல் பர்மாவிலிருந்து விதை கொண்டுபோய் அங்கே தேக்கங்காடு வளர்த்தார்களாம். மாயவரத்துப் பலகையும் பர்மாத் தேக்குத்தான். பெரியவரின் பாட்டனார் நாகப்பட்டினத்தில் வாங்கியது. நீள அகலத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறான். ஓடு மேயப் போகும்போது அளந்து வருவதாகப் பெரியவர் நம்மிடம் அளவு நாடா கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறார்.

பராமரிப்புக் கட்டணக் கடிதங்களுக்கு அடுத்த இதழில் விடை வரும்.